லிட்டில் ரிவர் பேண்ட்: ஆட்கள் மாறிய கதையும் பெயர் கைமாறிய கதையும்

‘லிட்டில் ரிவர் பேண்ட்’ என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் பெயரில் இன்று அமெரிக்க ஊர்களில் கச்சேரி நடத்திவரும் குழுவில், 1975-இல் அந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் ஒருவர்கூட இல்லையே, அது எப்படி நேர்ந்தது, அதை அசல் குழு என்று ஏற்கலாமா என்பது கேள்வி. சட்டத்தின் கண்ணில் அது அசல் குழுதான். பெயர் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனம் அனுமதித்தவர்கள் மட்டுமே அப்பெயரில் மேடையேறலாம். ஆனால் வானொலியில் இன்றும் ஒலிக்கும் அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிப் பாடியவர்களால் அந்தப் பெயரைப் போட்டு ஒரு நுழைவுச்சீட்டுகூட விற்க முடியாது. இந்த நிலை ஏதோ ஒரு வழக்கில் திடீரென்று உண்டானது அன்று. ஆளை மாற்றினாலும் குழு ஓடும் என்ற நம்பிக்கை முதல் ஆண்டிலிருந்தே அவர்களிடம் இருந்தது என்பதும், அது பலித்ததே பின்னாளில் தொடங்கியவர்களுக்கு எதிராகத் திரும்பியது என்பதும் என் கணிப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது வரிசையாகப் பார்த்தால் விளங்கும்.

குழு பிறந்தது மெல்பர்னில் என்றாலும் அதன் வேர் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கிறது. 1960-களில் அந்நகரத்துப் புறநகர்களில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்திருந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கிட்டாரைக் கையில் எடுத்த காலம் அது. இங்கிலாந்தில் பிறந்த கிளென் ஷோராக் ‘தி ட்வைலைட்ஸ்’ குழுவின் பாடகராகப் பெயர் பெற்றார். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பீப் பெர்டில்ஸ் ‘ஜூட்’ என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். பின்னாளில் அமெரிக்காவில் தனியாகப் புகழ் பெற்ற ரிக் ஸ்பிரிங்ஃபீல்டும் அந்தக் குழுவில் இருந்தவர். அடிலெய்டிலேயே பிறந்து வளர்ந்த கிரஹாம் கோபிள் ‘மிசிசிப்பி’ என்ற குழுவை வழிநடத்தினார். அதில் பெர்டில்ஸும் டிரம்ஸ் கலைஞர் டெரெக் பெலிச்சியும் வந்து சேர்ந்தார்கள். பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடும் கூட்டுக்குரல் பாணி மிசிசிப்பியிலேயே உருவாகிவிட்டது. பின்னர் அந்தப் பாணிதான் லிட்டில் ரிவர் பேண்டின் அடையாளம் ஆயிற்று.

அக்காலத்து ஆஸ்திரேலியக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இலண்டன் ஒரு கனவு, போனபின் ஒரு கசப்பு. உள்ளூரில் எவ்வளவு பெயர் எடுத்தாலும் அங்கே போனால் கேட்பார் இல்லை. மிசிசிப்பியும் 1974-இல் இலண்டனுக்குப் போய்த் தோற்றது. ஷோராக்கும் அப்போது அங்கேதான் வேறு ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தார். இவர்களைச் சேர்த்துவைத்த ஐந்தாவது மனிதர் கிளென் வீட்லி. அவர் ‘தி மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ்’ என்ற புகழ்பெற்ற ஆஸ்திரேலியக் குழுவில் பேஸ் வாசித்தவர். பாட்டு வெற்றி பெற்றாலும் வாசித்தவன் கையில் காசு தங்குவதில்லை என்பதை நேரில் பார்த்தவர். அதனால் இசையை விட்டுவிட்டு மேலாண்மையைக் கற்றுக்கொண்டார். இலண்டனில் முட்டிமோதுவதைவிட நேராக அமெரிக்காவைக் குறிவைப்பது என்றும், அதற்கு ஏற்றபடி ஒரு குழுவைத் திட்டமிட்டே கட்டுவது என்றும் அவர் முடிவு செய்திருந்தார். 1974 இறுதியில் இலண்டனில் பேசி முடித்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மெல்பர்னில் கூடினார்கள்.

ஒரு தெருவில் வளர்ந்த நண்பர்கள் கூடித் தொடங்கிய குழு இது அன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது வயதை எட்டிய அல்லது நெருங்கிய அனுபவசாலிகள், ஒரு மேலாளரின் திட்டத்தோடு, ஏற்றுமதிக்கென்று தொடங்கிய கூட்டு முயற்சி அது. ராக் இசை ரசிகர்கள் இத்தகைய குழுக்களைச் சற்று ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். எனக்கு அந்த ஏளனம் நியாயமாகப் படவில்லை. ஆயினும் பின்னால் நடந்தவற்றுக்கு இந்தத் தொடக்கம் காரணம் என்பதை மறுக்க முடியாது.

பெயர் வந்த விதம் பலரும் அறிந்ததே. மெல்பர்னிலிருந்து ஜீலாங் நகருக்குச் செல்லும் வழியில் ‘லிட்டில் ரிவர்’ என்ற சிற்றூர் இருக்கிறது. 1975 மார்ச் மாதத்தில், மிசிசிப்பி என்ற பழைய பெயரிலேயே கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரப் பலகையில் அந்தப் பெயரைக் கண்டு அதையே வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஆல்பம் வெளிவருவதற்குள்ளேயே முதல் ஆள்மாற்றம் நடந்துவிட்டது. தொடக்கத்தில் முன்னணி கிட்டார் வாசித்த கிரஹாம் டேவிட்ஜ் சில வாரங்களிலேயே விலக, இத்தாலியில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரிக் ஃபார்மோசா என்ற இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார். பேஸ் கிட்டாருக்கு ரோஜர் மெக்லாக்லன். இந்த அறுவரும் சேர்ந்து பதிவு செய்த முதல் ஆல்பம் 1975 இறுதியில் வெளிவந்தது. அதிலிருந்த ‘இட்ஸ் எ லாங் வே தேர்’ எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாடல். அதைச் சுருக்கி அமெரிக்காவில் வெளியிட்டபோது 1976-இல் அது பில்போர்ட் இதழின் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 28-ஆம் இடம் வரை ஏறியது. வீட்லியின் கணக்கு சரி என்று நிரூபித்த முதல் பாடல் அது.

அமெரிக்கக் கதவு திறக்கும் அந்தத் தறுவாயிலேயே, 1976-இல், ஃபார்மோசாவும் மெக்லாக்லனும் குழுவில் இல்லாமல் போனார்கள். ஃபார்மோசாவுக்கு ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கையில் நாட்டம் இல்லை. பின்னர் அவரே இக்குழுவின் சில பதிவுகளுக்கு வயலின் முதலிய நரம்பிசைப் பகுதிகளை அமைத்துக் கொடுத்தார் என்பதால் அது மனக்கசப்பில் முடிந்த பிரிவு அன்று. மெக்லாக்லனின் நிலை வேறு. குழு அவருக்குப் பதிலாக வேறொருவரை விரும்பியது. டேவிட் பிரிக்ஸ் கிட்டாருக்கும் ஜார்ஜ் மெக்ஆர்டில் பேஸுக்கும் வந்தார்கள். ஷோராக், கோபிள், பெர்டில்ஸ், பெலிச்சி, பிரிக்ஸ், மெக்ஆர்டில் என்ற இந்த அறுவர் அணியைத்தான் பின்னாளில் ‘செவ்வியல் அணி’ என்று எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் அந்த அணியிலேயே இருவர் மாற்றாக வந்தவர்கள். மாற்றம் பலன் தந்ததால் மாற்றுவதில் அவர்களுக்குத் தயக்கம் போய்விட்டது.

1977-இல் வந்த ‘டயமன்டினா காக்டெய்ல்’ ஆல்பத்தின் ‘ஹெல்ப் இஸ் ஆன் இட்ஸ் வே’ ஆஸ்திரேலியாவில் முதலிடமும் அமெரிக்காவில் 14-ஆம் இடமும் பெற்றது. அதை எழுதியவர் ஷோராக். பெர்டில்ஸும் பிரிக்ஸும் எழுதிய ‘ஹேப்பி ஆனிவர்சரி’ 16-ஆம் இடத்தை எட்டியது. அடுத்த ஆண்டு வந்தது ‘ஸ்லீப்பர் கேட்சர்’ என்ற ஆல்பம். அதில் இருந்த ‘ரெமினிசிங்’ பாடலின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழு உள்ளே எப்படி இயங்கியது என்பது அதில் துலக்கமாகத் தெரிகிறது.

ரெமினிசிங் கோபிள் எழுதியது. கிளென் மில்லர், கோல் போர்ட்டர் காலத்து இசையின் நினைவில் ஒரு முதிய காதலை நினைவுகூரும் பாடல் அது. ஸ்வரக்கோவைகள் ராக் குழுவுக்கு வழக்கமானவை அல்ல, ஜாஸின் சாயல் கொண்டவை. அதற்கு எலெக்ட்ரிக் பியானோ வாசிக்கப் பீட்டர் ஜோன்ஸ் என்ற கலைஞர்தான் வேண்டும் என்பது கோபிளின் பிடிவாதம். அவர் ஊரில் இல்லாதபோது வேறு கலைஞர்களை வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள், சரியாக அமையவில்லை. மறுபடியும் முயன்றார்கள், அதுவும் அமையவில்லை. குழுவின் மற்றவர்களுக்கு அதற்குள் ஆர்வம் வற்றிவிட்டது. பாட்டையே கைவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஜோன்ஸ் ஊர் திரும்பியதும் மூன்றாம் முறையாகப் பதிவு செய்ய வைத்து, கோபிள் நினைத்த ஒலியைக் கொண்டுவந்தார். அமெரிக்க நிறுவனமான கேபிட்டலும் முதலில் அதைத் தனிப்பாடலாக வெளியிடும் யோசனையில் இல்லை. வெளியிட்ட பிறகு 1978 இலையுதிர்காலத்தில் அது மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் அதற்கு மேலான இடத்தை இக்குழுவின் வேறு எந்தப் பாடலும் தொட்டதில்லை. அமெரிக்க வானொலியில் ஐம்பது இலட்சம் முறைக்கு மேல் ஒலிபரப்பான பாடல்களின் பட்டியலில் சேர்ந்த முதல் ஆஸ்திரேலியப் பாடல் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலோ அது முதல் முப்பதுக்குள்கூட வரவில்லை.

இதில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ஒரு பாட்டுக்கு வேண்டிய ஒலி கிடைக்கும்வரை ஆளை மாற்றி மாற்றிப் பார்ப்பது கோபிளின் இயல்பு. அது அவருடைய பலம். இன்னொன்று, குழுவில் ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்காத மூன்று பாடலாசிரியர்கள் இருந்தார்கள் என்பது. ஷோராக், கோபிள், பெர்டில்ஸ் ஆகிய மூவரும் எழுதினார்கள், மூவரும் பாடினார்கள், ஒவ்வொரு ஆல்பத்திலும் யார் பாட்டுக்கு எத்தனை இடம் என்பது பேரம். பிரிக்ஸ் எழுதிய ‘லோன்சம் லூசர்’ 1979-இல் ஆறாம் இடம் பெற்றபோது போட்டி நால்வருக்கு இடையிலானதாயிற்று. மேடையில் அவர்கள் குரல்கள் பிசகின்றி இணைந்து ஒலித்த அதே காலத்தில், மேடைக்குப் பின்னால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது என்று அவர்களே பின்னர் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1978-ஐ ஒட்டிய காலத்தில் வேறு இரண்டு நிகழ்ச்சிகள். எரிவாயு அடுப்பு வெடித்து பெலிச்சிக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டது. அமெரிக்கப் பயணத்தைத் தள்ளிப்போடாமல் ஜெஃப் காக்ஸ் என்பவரை டிரம்ஸுக்கு அமர்த்திக்கொண்டு குழு புறப்பட்டது. அதன் பிறகு மெக்ஆர்டில், புகழின் உச்சியில் இருக்கும்போதே, 1979 தொடக்கத்தில், விவிலியம் படிக்கப் போகிறேன் என்று விலகிவிட்டார். பெயருக்காகவும் பணத்துக்காகவும் அடித்துக்கொண்ட ஒரு குழுவின் வரலாற்றில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு வியப்புதான். அவர் போனபின் ‘ஃபர்ஸ்ட் அண்டர் தி வயர்’ ஆல்பத்தைப் பதிவுக்கூடக் கலைஞர்களின் துணையோடு முடித்தார்கள். அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த ஆல்பம் அது. ஷோராக்கின் ‘கூல் சேஞ்ச்’ அதில்தான் இருக்கிறது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் தலைசிறந்த 30 பாடல்களுள் ஒன்றாக அங்குள்ள இசைப்படைப்பாளர் சங்கம் அதைத் தேர்ந்தெடுத்தது.

பேஸ் கிட்டாருக்கு நிரந்தரமாக ஒருவரைத் தேடியபோது 1980-இல் கிடைத்தவர் வேய்ன் நெல்சன் என்ற அமெரிக்கர். இன்றைய குழுவின் தலைவர் அவர்தான். வெறும் வாத்தியக் கலைஞராக வந்தவரின் குரல் உயர்ந்த சுருதியில் நன்றாக எழும்பியதைக் கோபிள் கவனித்தார். பீட்டில்ஸின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் கரீபியத் தீவான மான்செராட்டில் வைத்துத் தயாரித்த ‘டைம் எக்ஸ்போஷர்’ ஆல்பத்தில் ‘தி நைட் அவுல்ஸ்’ என்ற பாடலை நெல்சன் பாடினார். 1981-இல் அது ஆறாம் இடம் பெற்றது. முன்னணிப் பாடகர் ஷோராக் இல்லாமலும் பாட்டு வெற்றி பெறும் என்பதற்கு அது சான்று ஆகிவிட்டது. அதே ஆண்டில் பிரிக்ஸ் விலக, அவர் இடத்துக்கு வந்த கிட்டார் கலைஞர் ஸ்டீபன் ஹவுஸ்டன். கதையின் முடிவில் பெயரைக் கையில் வைத்திருக்கப்போகிறவர் அவர். அப்போது யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

1982 தொடக்கத்தில் ஷோராக் வெளியேற்றப்பட்டார். அவருக்கும் கோபிளுக்கும் நெடுநாளாக ஒத்துப்போகவில்லை. அதோடு கோபிள் 1980-இல் ஜான் ஃபார்ன்ஹம் என்ற ஆஸ்திரேலியப் பாடகரின் ‘அன்கவர்ட்’ ஆல்பத்தைத் தயாரித்திருந்தார்; அந்தக் குரலின் வீச்சைப் பக்கத்திலிருந்து கேட்டவர். ஃபார்ன்ஹமோ 1967-இல் ‘சேடி’ என்ற விளையாட்டுப் பாடலால் பெயர் பெற்று, அந்தப் பெயரிலிருந்தே மீள முடியாமல் விடுதிகளில் பாடிக்கொண்டிருந்தார். வீட்லிதான் அவருக்கும் மேலாளர். எல்லாம் ஓரிடத்தில் வந்து பொருந்தின. குழுவின் முகமாக இருந்த பாடகரை மாற்றிவிட்டு, தொழில்நுட்ப அளவில் அவரைவிட வல்லவரான ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் இதைவிடச் சிறந்த மாற்றம் இருக்க முடியாது. ‘தி அதர் கை’ 11-ஆம் இடமும் ‘வி டூ’ 22-ஆம் இடமும் பெற்றன. 1983-இல் இன்னொரு பாடல் 35-ஐத் தொட்டது. அத்தோடு அமெரிக்காவின் முதல் நாற்பதில் இக்குழுவின் பெயர் மறைந்தது. மொத்தம் பதின்மூன்று பாடல்கள் அந்த நாற்பதுக்குள் வந்தவை, அவற்றுள் ஆறு முதல் பத்துக்குள் வந்தவை. அந்த ஆறில் ஒன்றுகூட ஃபார்ன்ஹம் காலத்தது அன்று.

ஃபார்ன்ஹம் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அமெரிக்க வானொலியின் சுவை அப்போது மாறிக்கொண்டிருந்தது. பாடல்களைக் காணொளியாகக் காட்டும் எம்டிவி தொலைக்காட்சி வந்துவிட்டது, முகம் தெரியாத குழுக்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஷோராக்கின் குரலில் ஒரு சாதாரண மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நெருக்கம் இருந்தது. மூன்று குரல்கள் கலக்கும்போது அது நடுவே அடங்கி நிற்கும். ஃபார்ன்ஹமின் குரல் அப்படி அடங்குவது அன்று, அது எல்லாக் குரல்களுக்கும் மேலே எழுந்து நிற்பது. கூட்டுக்குரலை நம்பிய ஒரு குழுவுக்கு அது வரமும் சிக்கலுமாக இருந்தது என்பது என் காதுக்குப் படுகிறது. பெர்டில்ஸ் 1983-இல் விலகினார். அடுத்த ஆண்டு பெலிச்சியும் போனார். கோல்ட் சிசல் குழுவில் இருந்த ஸ்டீவ் பிரெஸ்ட்விச் டிரம்ஸுக்கு வந்தார். விசைப்பலகைக்கு டேவிட் ஹிர்ஷ்ஃபெல்டர். 1985-இல் வந்த ‘பிளேயிங் டு வின்’ ஆல்பத்தில் சின்தசைசரும் கனத்த தாளமும் மேலோங்கின. பெயரைக்கூட ‘எல்ஆர்பி’ என்று சுருக்கிப் போட்டார்கள். பழைய ரசிகர்களுக்கு அது அந்நியமாக இருந்தது, புதியவர்கள் வரவில்லை. 1986-இல் ஃபார்ன்ஹமும் விலகினார்.

அவர் விலகிய பிறகு நடந்தது ஆஸ்திரேலிய இசை வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று. எந்த நிறுவனமும் அவருடைய தனி ஆல்பத்துக்குப் பணம் போட முன்வராதபோது வீட்லி தம் வீட்டை அடமானம் வைத்து அதைத் தயாரித்தார். 1986-இல் வெளிவந்த அந்த ‘விஸ்பரிங் ஜாக்’, ஆஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்திரேலியக் கலைஞரின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது என்ற இடத்தை எட்டியது. ஹிர்ஷ்ஃபெல்டரும் அதில் பங்கேற்றார். லிட்டில் ரிவர் பேண்டில் பொருந்தாமல் இருந்த அதே குரலும் அதே விசைப்பலகையும் வெளியே வந்ததும் நாட்டையே எழுந்து நின்று பாட வைத்தன.

1987-88-இல் ஷோராக்கும் பெலிச்சியும் திரும்பி வந்தார்கள். கோபிள், நெல்சன், ஹவுஸ்டன் ஆகியோருடன் சேர்ந்து ‘மான்சூன்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் இருக்கும் ‘லவ் இஸ் எ பிரிட்ஜ்’ நல்ல பாடல். உரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. கோபிள் 1989-இல் மேடையிலிருந்து விலக, ‘பிளேயர்’ என்ற அமெரிக்கக் குழுவில் பாடிய பீட்டர் பெக்கெட் வந்தார். இந்த இடத்திலிருந்து குழு, பழைய வெற்றிப் பாடல்களை அமெரிக்கச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடிச் சம்பாதிக்கும் குழுவாக மாறிக்கொண்டே போனது. 1996-இல் ஷோராக் இரண்டாம் முறையாக விலகினார். அதன் பிறகு வந்த சில ஆண்டுகளின் ஆள்மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்வதில் பயன் இல்லை. 1976-இல் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மெக்லாக்லன் 1990-களின் இறுதியில் சிறிது காலம் பேஸ் வாசிக்கத் திரும்ப வந்தார் என்பதையும், இடையில் விலகியிருந்த நெல்சன் அவருக்குப் பின் மீண்டும் வந்து முன்னணிப் பாடகர் ஆனார் என்பதையும் குறித்துக்கொண்டால் போதும்.

இனிக் கேள்வியின் முடிச்சுக்கு வரலாம். குழுவின் பெயரும் வணிகமும் தொடக்கத்தில் உறுப்பினர்களின் கூட்டுடைமை. பின்னர் அது ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் ‘வி டூ’, அவர்களுடைய பாட்டின் பெயரேதான். இத்தகைய அமைப்பில் ஒருவர் விலகும்போது அவருடைய பங்கை மற்றவர்கள் பெற்றுக்கொள்வது இயல்பு. விலகுகிறவருக்கு அப்போதைய கவலை, கடனிலிருந்து கைகழுவினால் போதும் என்பதாக இருக்கும். இருபது ஆண்டுக்குப் பின் பழைய பாடல்களுக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒவ்வொருவராகப் போகப் போக, 1990-களின் இறுதியில் நிறுவனம் ஹவுஸ்டனின் கையில் வந்து நின்றது. அவர் யாரையும் ஏமாற்றிப் பறித்ததாக எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் விட்டுப்போனபோது அவர் நின்றார், பங்குகள் அவரிடம் சேர்ந்தன.

2002-இல் ஷோராக், பெர்டில்ஸ், கோபிள் மூவரும் பழைய பகையை ஒதுக்கிவிட்டு ஒன்றாகப் பாடத் தொடங்கினார்கள். ‘அசல் லிட்டில் ரிவர் பேண்ட்’ என்று பொருள்படும் விதத்தில் தங்களை விளம்பரம் செய்தார்கள். ஹவுஸ்டனின் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்படி அவர்கள் அந்தப் பெயரைக் குழுப் பெயராக வைத்துக்கொள்ளக் கூடாது, தங்கள் கடந்தகால வரலாற்றைக் குறிப்பிட மட்டும் செய்யலாம். ஆகவே ‘பெர்டில்ஸ் ஷோராக் கோபிள்’ என்று மூன்று சொந்தப் பெயர்களையும் அடுக்கி, ஏதோ வழக்கறிஞர் அலுவலகப் பலகைபோல் ஒரு பெயரை வைத்துக்கொண்டு 2007 வரை பாடினார்கள்.

2004-இல் ஆஸ்திரேலிய இசைத்தட்டுத் தொழிற்கூட்டமைப்பான ஏரியா, லிட்டில் ரிவர் பேண்டைத் தன் புகழவையில் சேர்த்தது. அந்தக் கௌரவம் செவ்வியல் அணியின் அறுவருக்குத்தான் தரப்பட்டது. பெயரைச் சட்டப்படி வைத்திருந்த ஹவுஸ்டனோ அந்தப் பெயரில் பாடிக்கொண்டிருந்த நெல்சனோ அதில் இல்லை. அன்று மேடையில் ‘ஹெல்ப் இஸ் ஆன் இட்ஸ் வே’ பாடியவர்களை, லிட்டில் ரிவர் பேண்ட் புகழவையில் சேரும் அதே விழாவில், லிட்டில் ரிவர் பேண்ட் என்று அறிவிக்க முடியாத நிலை. 2015-இல் ஜிம்மி ஃபாலனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்ற மூத்த உறுப்பினர்களுக்கு வந்த வாய்ப்பும் இதே பெயர்ச் சிக்கலால் நழுவியது.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை பலர் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது. இன்றைய குழு ‘ரெமினிசிங்’ பாடினால், பாடலை எழுதியவர் என்ற முறையில் கோபிளுக்கு ராயல்டி போகும். அதை எந்தப் பெயர் ஒப்பந்தமும் தடுக்காது. நுழைவுச்சீட்டு வருமானம் மட்டும் பெயரை வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் பழைய பாடல்களைப் புதிய அணி மறுபதிவு செய்து வெளியிட்டு, கேட்பவர் அதை எடுத்துக் கேட்டால், எழுதியவருக்குரிய பங்கு போகுமே தவிர அன்று பாடிய, வாசித்த கலைஞர்களுக்கு எதுவும் போகாது. எழுதாமல் வாசிக்க மட்டும் செய்தவர்களுக்கு, குறிப்பாக மெக்ஆர்டில், பெலிச்சி போன்றவர்களுக்கு, இது உண்மையான இழப்பு.

‘ஆஸ்திரேலியர் இல்லாத ஆஸ்திரேலியக் குழு’ என்று இன்றைய குழுவைச் சிலர் கேலி செய்வது எனக்கு உடன்பாடானது அன்று. தொடங்கியவர்களிலேயே ஒருவர் டச்சுக்காரராகவும் ஒருவர் ஆங்கிலேயராகவும் பிறந்தவர்கள், முதல் ஆல்பத்தின் கிட்டார் கலைஞர் இத்தாலியர். நெல்சன் 1980-இல் சேர்ந்தவர். இடைவெளியைக் கழித்தாலும் ஷோராக், கோபிள், பெர்டில்ஸ் ஆகிய எவரையும்விட அதிக ஆண்டுகள் அந்தப் பெயரில் மேடையேறியிருக்கிறார், அவர் குரலில் ஒரு பெரிய வெற்றிப் பாடலும் உண்டு. அவரை வேடதாரி என்பது அநியாயம். என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவும் ஆட்களை மாற்றியது. 1980-இல் பாடகர் பான் ஸ்காட் இறந்ததும் பிரையன் ஜான்சன் வந்தார், 2014-இல் கிட்டார் கலைஞர் மால்கம் யங் நோயால் விலகியதும் அவர் அண்ணன் மகன் ஸ்டீவி வந்தார். ஆனால் முன்னணி கிட்டார் வாசிக்கும் அங்கஸ் யங் தொடக்கம் முதல் இருக்கிறார், அந்தக் கிட்டார் ஒலியும் இருக்கிறது. ஒலியை உண்டாக்கியவர் யாரோ அவரே பெயரையும் வைத்திருக்கும்போது ஆள்மாற்றத்தை ரசிகர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். லிட்டில் ரிவர் பேண்டில் ஒலி என்பது மூன்று குறிப்பிட்ட தொண்டைகளின் கலவை. அதைப் பிரதி எடுக்கலாம், திறமையாகவே எடுக்கிறார்கள். ஆனால் எந்த மூவர் பாடி அந்த ஒலி பிறந்ததோ அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெயர் அவர்களுக்கு விலக்கப்பட்டது.

ஆகவே இன்றைய குழுவின் கச்சேரிக்குப் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். தேர்ந்த கலைஞர்கள், பாடல்களும் அதே பாடல்கள். வீட்டில் கேட்பதற்குத் தேடும்போது மட்டும் பதிவான ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைய இசைச் செயலிகளில் பழைய பதிவும் மறுபதிவும் ஒரே குழுப் பெயரின் கீழ் கலந்து கிடக்கின்றன. 2000-க்குப் பின் வந்த தொகுப்புகளில் சில, புதிய அணி மறுபடி பாடியவை. 1975 முதல் 1981 வரை வெளிவந்த ஆறு ஆல்பங்களில் ‘டயமன்டினா காக்டெய்ல்’ முதலில் கேட்க ஏற்றது, ‘ஃபர்ஸ்ட் அண்டர் தி வயர்’ அதற்கு அடுத்தது. ஃபார்ன்ஹம் காலத்துக்கு ‘தி அதர் கை’ ஒரு பாட்டே போதும்.